மலைவீட்டில் நோபைல் ஆர்க்கிட்: ஐப்பசி மழைக்கு ஒதுக்கினால் பங்குனியில் பூ

குன்னூரிலும் கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் நோபைல் ஆர்க்கிட் வளர்ப்பவர்களின் புகார் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். செடி தளதளவென்று இருக்கிறது, தண்டுக்குத் தண்டு குட்டிச் செடிகூட முளைக்கிறது, ஆனால் பூவைக் காணோம். செடியில் கோளாறு ஒன்றும் இல்லை. அக்டோபர், நவம்பரில் அது மழையில் நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

டென்ட்ரோபியம் நோபைலின் சொந்த ஊர் இமயமலை அடிவாரமும் அதற்குக் கிழக்கே உள்ள மலைகளும். சிக்கிமின் மாநில மலர் இதுவே. அங்கே செப்டம்பரோடு மழை ஓய்ந்துவிடும். அக்டோபரிலிருந்து வறட்சியும் இரவுக் குளிரும் சேர்ந்து வரும். அந்த இரண்டும் சேர்ந்தால்தான் இந்தச் செடியின் கணு பூமொட்டாக மாறும். நம் மலைகளில் குளிர் இருக்கிறது, வறட்சிதான் இல்லை. வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற நேரம் அது. ஆகவே வெளியூர்க் குறிப்புகளில் உள்ள 'அக்டோபரில் தண்ணீரை நிறுத்துங்கள்' என்ற வரியை நம்மூர்க்காரர் 'அக்டோபரில் கூரைக்கு அடியில் கொண்டுபோங்கள்' என்று மாற்றிப் படிக்க வேண்டும்.

எதை வாங்குவது

கடையில் 'டென்ட்ரோபியம்' என்று கேட்டால் இரண்டு வேறு செடிகளில் எதைக் கொடுத்தாலும் பொய்யில்லை. தண்டின் உச்சியிலிருந்து நீளமான காம்பு வளைந்து, அதில் வரிசையாகப் பூத்தால் அது வெப்பநாட்டு வகை. சென்னை, கோவை மாடித் தோட்டங்களில் இருப்பது அதுதான். இரவில் 15 டிகிரிக்குக் கீழே போனால் சுணங்கும், ஊட்டிக் குளிரில் அழுகிவிடும். தண்டு நெடுக, ஒவ்வொரு கணுவிலும் இரண்டு மூன்று பூவாகத் தண்டை ஒட்டியே பூத்தால் அது நோபைல் வகை. மலைக்கு வேண்டியது இது. பூவில்லாத நேரத்தில் வாங்கினால் பழைய தண்டின் கணுக்களைப் பாருங்கள். அங்கே காய்ந்த பூக்காம்பின் சிறு அடிக்கட்டை நின்றால் நோபைல்.

குறைந்தது மூன்று தண்டும், அடியில் ஒரு புதுத் துளிரும் உள்ள செடியாக எடுங்கள். இலையில்லாத மொட்டைத் தண்டு இருப்பதைப் பார்த்து ஒதுக்காதீர்கள். பூக்கப்போவது பெரும்பாலும் அதுதான்.

சோலைக்காட்டில் மரத்தில் தொற்றியிருப்பதைப் பிய்த்து வந்து வளர்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. காப்புக்காட்டிலிருந்து செடியையோ பாசியையோ எடுப்பது வனச் சட்டப்படி குற்றம். பிய்த்து வந்த செடி வேர் அறுந்து வருவதால் பாதிக்கு மேல் பிழைப்பதும் இல்லை. நர்சரிச் செடி போதும்.

வேரைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது

மரத்தில் வளர்கிறது என்பதால் இதைப் புல்லுருவியோடு சேர்த்து எண்ணுகிறவர்கள் உண்டு. புல்லுருவி மரத்துக்குள் வேரை இறக்கிச் சாற்றைக் குடிக்கும். ஆர்க்கிட் மரப்பட்டையில் ஒட்டி உட்கார்ந்திருக்கும், அவ்வளவே. அதன் குடிநீர் மழையும் மூடுபனியும்; சாப்பாடு பட்டையில் வழிந்து வரும் தூசியும் சருகும். வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு போன்ற உறை இருக்கும். நனைந்த சில நொடிகளில் நீரை உறிஞ்சிப் பச்சையாகும், காய்ந்தால் திரும்ப வெள்ளையாகும். தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்க இதைவிட நல்ல ஆள் கிடையாது. வேர் வெள்ளை என்றால் ஊற்றலாம், பச்சை என்றால் பொறுக்கலாம். இந்த உறை நாள் முழுக்க ஈரமாகவே கிடந்தால் மூச்சு முட்டி அழுகும். தோட்ட மண்ணில் நட்டால் செடி சாவது இதனால்தான்.

சட்டி கட்டுவது

பூ முடிந்து, அடியில் புதுத்துளிர் 3 முதல் 5 சென்டிமீட்டர் வந்த நேரம்தான் சட்டி மாற்றச் சரியான நேரம். நம்மூரில் அது பங்குனி, சித்திரை. துளிரின் அடியில் புதுவேர் கிளம்பும் முன் செய்துவிட்டால் வேர் நேராகப் புது ஊடகத்துக்குள், அதாவது மண்ணுக்குப் பதில் சட்டியில் நிரப்பும் கலவைக்குள், இறங்கும். தாமதித்தால் பச்சை முனையுள்ள புதுவேர் கை பட்டு ஒடியும். ஒடிந்த முனை மேற்கொண்டு வளராது.

பக்கத்திலும் துளையுள்ள மண்சட்டி நல்லது. மூன்று நான்கு தண்டுள்ள செடிக்கு 10 முதல் 12 சென்டிமீட்டர் வாயகலம் போதும். பெரிய சட்டி வைத்தால் பெரிதாக வளரும் என்பது ரோஜாவுக்கு. இதற்குப் பெரிய சட்டி என்றால் நடுவில் காயாத ஈரம், அதற்கடுத்து வேரழுகல். செடி உயரமாகவும் சட்டி சிறியதாகவும் இருந்து கவிழ்கிறதே என்றால், சட்டியை இன்னொரு கனமான சட்டிக்குள் இறக்கி வையுங்கள்.

ஊடகத்துக்கு அடுப்புக்கரி 2 பங்கு, தேங்காய் மட்டைத் துண்டு 1 பங்கு, உடைந்த ஓட்டுச்சில்லு 1 பங்கு. எல்லாம் சுண்டுவிரல் நுனி அளவு, அதாவது ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர். தூளைச் சலித்துக் கொட்டிவிடுங்கள், தூள் தங்கினால் சேறாகும். மட்டையில் உப்பும் கறையும் இருக்கும். மூன்று நாள் ஊறவைத்துத் தினமும் தண்ணீரை மாற்றுங்கள். டீத்தண்ணி நிறம் வெளுக்கும்வரை. கொடைக்கானல், ஊட்டி போல மூடுபனி அதிகமான இடத்தில் மட்டையைப் பாதியாகக் குறைத்துக் கரியைக் கூட்டலாம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற தாழ்ந்த காப்பித் தோட்டப் பகுதிகளில் சொன்ன அளவே சரி.

பழைய சட்டியிலிருந்து எடுக்க வரவில்லை என்றால் அரைமணி நேரம் தண்ணீரில் வையுங்கள். விரலால் அழுத்தினால் நசுங்கிச் சாறு விடும் பழுப்பு வேர்களை மட்டும் வெட்டுங்கள். கெட்டியான வேர் எந்த நிறமாக இருந்தாலும் விட்டுவிடலாம். சட்டியின் அடியில் கால் பங்கு உயரத்துக்குத் தெர்மகோல் துண்டோ ஓட்டுச்சில்லோ போடுங்கள். செடியைச் சட்டி நடுவில் வைக்கக் கூடாது. பழைய தண்டுகள் விளிம்பை ஒட்டியும் புதுத்துளிர் நடுவை நோக்கியும் இருக்க வேண்டும், ஏனென்றால் செடி அந்தத் திசையில்தான் நடந்து போகும். ஊடகத்தைச் சுற்றிலும் போட்டுச் சட்டியைத் தட்டித் தட்டி இறுக்குங்கள். தண்டின் அடிப்பாகம் ஊடகத்தின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும், புதையக் கூடாது. ஒரு சென்டிமீட்டர் புதைந்தாலும் துளிர் அழுகும். கடைசியாக ஒரு குச்சி நட்டுத் தண்டுகளைத் தளர்வாகக் கட்டுங்கள். இந்தக் கட்டு அலங்காரத்துக்கு இல்லை. செடி ஆடிக்கொண்டே இருந்தால் புதுவேர் எதையும் பிடிக்காது.

சட்டி மாற்றியபின் நான்கைந்து நாள் தண்ணீர் ஊற்றாமல் நிழலில் வையுங்கள், வெட்டுவாய் ஆறட்டும். இலைமீது மட்டும் காலையில் லேசாகத் தெளிக்கலாம். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை சட்டி மாற்றினால் போதும்.

சட்டி வேண்டாம், தோட்டத்து மரத்தில் கட்டலாமே என்றால் கட்டலாம். கற்பூர மரத்தில் (யூகலிப்டஸ்) மட்டும் வேண்டாம், அதன் பட்டை உரிந்து விழும்போது செடியும் கூடவே வரும். பேரி மரம் அருமையானது. குளிர்காலத்தில் இலை உதிர்த்து, செடிக்கு வெயில் தேவைப்படும் நேரத்தில் வெயில் விடும். சில்வர் ஓக் பட்டையிலும் வேர் நன்றாகப் பிடிக்கும். மரத்தில் வேர் மழை விட்ட கொஞ்ச நேரத்தில் உலர்ந்துவிடுவதால் அழுகல் குறைவு, ஆனால் ஐப்பசி மழைக்கு ஒதுக்க முடியாது. பூ உறுதியாக வேண்டும் என்பவர்களுக்குச் சட்டியே நல்லது.

ஒரு வருடக் கணக்கு

சித்திரை முதல் ஆடி வரை வளர்ச்சிக்காலம். 50 சதவீத நிழல்வலையின் கீழ், அல்லது காலை வெயில் 10 மணி வரை நேரடியாகப் படும் இடத்தில் தொங்கவிடுங்கள். இலை இளம்பச்சையாக இருந்தால் வெளிச்சம் சரி. கரும்பச்சையாகப் பளபளத்தால் பார்க்க அழகு, பூவுக்குக் கேடு. மலைவெயில் குளிராக இருக்கிறதே என்று ஏமாந்து நடுப்பகலில் திறந்து வைத்தால் இலையில் வெளுத்த தழும்பு விழும், அது ஆறாது.

துளிரின் புதுவேர் 4, 5 சென்டிமீட்டர் நீளும்வரை தண்ணீரைச் சிக்கனமாக விடுங்கள். அதன்பின் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை, காலையில், அடியில் வழிந்தோடும்வரை. 12 சென்டிமீட்டர் சட்டிக்கு அரை லிட்டருக்குள் அடங்கும். மாலையில் ஊற்றினால் துளிரின் குருத்துக்குள் தங்கிய நீர் இரவுக் குளிரில் அழுகலுக்கு வழி செய்யும். தென்மேற்கு மழை நேராக அடிக்கும் கூடலூர்ப் பக்கம் ஆனி, ஆடியிலும் மேலே மறைப்பு தேவை.

உரத்துக்குச் சொட்டுநீர்க்காரர்கள் வாங்கும் நீரில் கரையும் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவு) போதும். லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒருமுறை. முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி வேரை நனைத்துவிட்டுப் பிறகு உரநீர். காய்ந்த வேரில் நேராக உரம் பட்டால் முனை கருகும். மாதம் ஒருமுறை கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு அரை கிராம் தனியாகக் கொடுங்கள். தேங்காய் மட்டை சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மலைத் தண்ணீரிலும் அது குறைவு. பாஸ்பேட் உள்ள உரத்தோடு அதைச் சேர்த்துக் கரைக்காதீர்கள், வெள்ளையாகத் திரிந்து அடியில் படிந்து இரண்டும் வீணாகும்.

ஆவணியில் தழைச்சத்தை நிறுத்த வேண்டும். 19:19:19க்குப் பதில் 0:52:34, லிட்டருக்கு அரை முதல் ஒரு கிராம், பத்து நாளைக்கு ஒருமுறை, புரட்டாசி முடியும்வரை. இதற்குள் புதுத்தண்டின் உச்சியில் கடைசி இலை விரிந்து, மேலே குருத்து இல்லாமல் நின்றுவிடும். பிறகு தண்டு நீளாமல் பருக்கும். உச்சி இலை வராவிட்டாலும் புரட்டாசியோடு உரத்தை நிறுத்துங்கள். ஒரு மாதம் கூடுதலாகக் கொடுத்த தழைச்சத்துதான் தையில் மொட்டுக்குப் பதிலாகக் குட்டிச்செடியாக வந்து நிற்கும்.

ஐப்பசி பிறந்ததும் கூரைக்கு அடியில். எந்தக் கூரை என்பதும் முக்கியம். வடகிழக்கு மழையின் சாரல் கிழக்கு, வடக்குப் பக்கமிருந்து வரும். கார்த்திகை முதல் தை வரை சூரியன் தென்பக்கம் சாய்ந்து போகும். ஆகவே வீட்டின் தெற்குத் தாழ்வாரம் மழைக்கு ஒதுக்குப்புறமாகவும் வெயிலுக்குத் திறப்பாகவும் இருக்கும். அது இல்லாதவர்கள் நான்கு கம்பு நட்டு மேலே 200 மைக்ரான் பாலித்தீன் விரித்தால் போதும். பக்கவாட்டில் மூடாதீர்கள், காற்றோட்டம் போய்விட்டால் மழையே தேவலை என்றாகிவிடும்.

வீட்டுக்குள் கொண்டுபோவது பெரிய தவறு. இரவில் 13 டிகிரிக்குக் கீழே, நான்கு முதல் ஆறு வாரம், இதுதான் மொட்டுக்கான கூலி. குன்னூர், கொடைக்கானல் இரவுகள் இதைத் தாமாகவே தரும், ஆனால் கதவைச் சாத்திய வரவேற்பறை தராது. தாண்டிக்குடி உயரத்தில் குளிர் ஓரளவுதான் இருக்கும் என்பதால் அங்கே சுவரை விட்டுத் தள்ளி, வானம் தெரியும் ஓரத்தில் தொங்கவிடுங்கள்.

ஐப்பசி முதல் மொட்டு தெரியும்வரை தண்ணீர் மிகக் குறைவு. வெயிலடிக்கும் காலையில், 10 முதல் 15 நாளைக்கு ஒருமுறை, ஒரு டம்ளர். இலை மஞ்சளாகி உதிரும், தண்டில் லேசாகச் சுருக்கம் விழும். பயந்து ஊற்றாதீர்கள். தண்டு திராட்சை வற்றல் மாதிரி ஆழமாகச் சுருங்கினால் மட்டும் ஒரு டம்ளர் கூடுதல்.

ஊட்டியின் பள்ளமான இடங்களில் மார்கழி, தையில் உறைபனி விழும். காய்ந்த நிலையில் உள்ள செடி 5 டிகிரி வரை தாங்கும், உறைபனியைத் தாங்காது. மேகமில்லாத, காற்றசையாத இரவுதான் ஆபத்து. அன்று மட்டும் உள்ளே எடுத்து வைத்துக் காலையில் வெளியே கொண்டுபோங்கள்.

தை, மாசியில் கணுக்கள் புடைக்கும். உருண்டு மொழுமொழுவென்று மிளகு போல இருந்தால் மொட்டு. கூராகத் தட்டையாக நின்று நுனியில் இரண்டாகப் பிரிந்தால் அது குட்டிச்செடி. எது என்று தெரியாத நாளில் தண்ணீரைக் கூட்டக் கூடாது, மொட்டாக ஆகவேண்டியது மனம் மாறிவிடும். மிளகு பட்டாணி ஆனபின் வாரம் ஒருமுறை ஊற்றத் தொடங்குங்கள். மாசிக் கடைசியில், பங்குனியில் பூக்கும். ஊட்டியில் இன்னும் தள்ளிப்போகும். மலைக்குளிரில் பூ மூன்று வாரத்துக்கு மேல் வாடாமல் நிற்கும்.

பூ முடிந்த தண்டை வெட்டாதீர்கள். அது செடியின் பத்தாயம். புதுத்தண்டு வளர அதிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். பூக்காத கணு மிச்சமிருந்தால் மறுவருடம் அங்கேயும் பூக்கும். முழுக்கச் சுருங்கிப் பழுப்பான பின்தான் அதற்கு விடுதலை.

பெருக்குவது

வாழையில் பிள்ளை பிரிப்பது தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. கணுவில் வந்த குட்டிச்செடியை ஆர்க்கிட்காரர்கள் 'கெய்கி' என்பார்கள், ஹவாய்த் தீவு மொழியில் குழந்தை. அதில் மூன்று வேராவது 4 சென்டிமீட்டர் நீளும்வரை தாயிடமே இருக்கட்டும். வேர் இல்லாமல் பிரித்தது பெரும்பாலும் வாடும். பிரிக்கும்போது தாய்த்தண்டை ஒட்டிக் கூர்மையான பிளேடால் வெட்டி, வெட்டுவாயில் சமையலறைப் பட்டைத்தூள் தடவுங்கள். தூள் வேரில் படக்கூடாது, வேரை உலர்த்திவிடும். 5 சென்டிமீட்டர் சட்டியில், சிறிய துண்டு ஊடகத்தில், வேரைச் சுற்றிக் கடையில் வாங்கிய பாசி கொஞ்சம் வைத்து நடுங்கள். இரண்டு வாரம் உரம் வேண்டாம், தினமும் காலையில் தெளிப்பு மட்டும். இரண்டு மூன்று வருடத்தில் பூக்கும்.

குட்டி தானாக வராவிட்டால் பூக்காத பழைய தண்டிலிருந்து வரவழைக்கலாம். இலை உதிர்ந்த, இன்னும் பச்சையாகக் கெட்டியாக உள்ள தண்டை அடியில் வெட்டி, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று கணு இருக்குமாறு துண்டு போடுங்கள். பூத்துமுடிந்த கணுவில் எதுவும் வராது, அதை நம்பி வைக்காதீர்கள். ஒருநாள் நிழலில் வெட்டுவாய் உலரட்டும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் பிழிந்தெடுத்த ஈரப்பாசியை இரண்டு விரல் உயரம் பரப்பி, துண்டுகளைப் படுக்க வையுங்கள், புதைக்க வேண்டாம். 20 முதல் 25 டிகிரி வேண்டும். மலையில் இது சித்திரை, வைகாசியில்தான் கிடைக்கும், அப்போதும் கண்ணாடி ஜன்னலோரம் வைக்க வேண்டியிருக்கும். நேர்வெயில் பட்டால் டப்பா அடுப்பாகிவிடும். இரண்டு நாளைக்கு ஒருமுறை திறந்து காற்றாட விடுங்கள். பூஞ்சணம் பிடித்த துண்டை உடனே எடுத்தெறியுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் முளை தெரியும். கார்த்திகையில் வைத்துவிட்டு வரவில்லையே என்று கேட்பதில் பயனில்லை.

மிக விரைவில் பூ பார்க்க வேண்டுமானால் பிரித்து நடுவதே வழி. சட்டி மாற்றும்போது, எட்டுத் தண்டுக்கு மேல் உள்ள செடியை இரண்டாக்குங்கள். ஒவ்வொரு பங்கிலும் நான்கு தண்டும் ஒரு துளிரும் இருக்கட்டும். இரண்டு தண்டாகப் பிரித்தால் எண்ணிக்கை கூடும், பூ இரண்டு வருடம் தள்ளிப்போகும். ஒரு செடிக்கும் அடுத்ததற்கும் நடுவே கத்தியை அடுப்புத்தீயில் காட்டி ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். சிம்பிடியம் மொசைக் என்னும் வைரஸ் கத்தி வழியாகத்தான் பெரும்பாலும் பரவுகிறது, அதற்கு மருந்து இல்லை.

விதை வீட்டுவேலை இல்லை. தூசி போன்ற அந்த விதையில் முளைக்குச் சேமித்த உணவே கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். 1922இல் அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் சர்க்கரை கலந்த ஊடகத்தில், பூஞ்சை இல்லாமல் முளைக்கவைத்துக் காட்டினார். இன்றைய ஆய்வகக் குடுவை முறை அதன் வழி வந்தது.

கெடுவது எங்கே

மலையில் முதல் எதிரி நத்தை, அதிலும் ஓடு இல்லாதது. பச்சை வேர்முனையையும் மொட்டையும் இரவில் தின்றுவிட்டு, பளபளக்கும் கோடு மட்டும் விட்டுப்போகும். சட்டியைக் கம்பியில் தொங்கவிடுங்கள். சட்டியருகே முட்டைகோஸ் இலையைக் கவிழ்த்து வைத்தால் விடியற்காலை அதனடியில் கூட்டமாகக் கிடக்கும். நத்தை மருந்து குருணைகளில் பல நாய்க்கு விஷம், வீட்டில் நாய் இருந்தால் வேண்டாம்.

புதுத்துளிர் அடியிலிருந்து கறுத்து, இழுத்தால் கையோடு வந்தால் கருப்பழுகல். குருத்தில் நீர் தங்கியதன் விளைவு. நல்ல பச்சை தெரியும்வரை வெட்டி, மெட்டலாக்ஸிலும் மாங்கோசெப்பும் சேர்ந்த பூஞ்சணக்கொல்லியை லிட்டருக்கு 2 கிராம் கலந்து, கையுறை போட்டுக்கொண்டு தெளியுங்கள். ஒரு வாரம் தண்ணீர் வேண்டாம். காய்ந்த தண்டின் உறைக்குள் மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் ஒளிந்திருக்கும். உறையை உரித்து, சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். மீதிக்கு வேப்பெண்ணெய் 3 மில்லி, சோப்புக்கரைசல் 1 மில்லி ஒரு லிட்டரில், மாலையில். எறும்பு வரிசை தெரிந்தால் மேலே பூச்சி இருக்கிறது என்று பொருள்.

பூவிதழில் பழுப்புப் புள்ளி விழுவது மூடுபனி தங்குவதால் வரும் பூஞ்சை. புள்ளி விழுந்த பூவைக் கிள்ளிவிட்டுச் செடிகளை இடைவெளிவிட்டு நகர்த்துங்கள். மொட்டு மஞ்சளாகி உதிர்ந்தால், அந்த வாரம் சட்டியை இடம் மாற்றினீர்களா, அல்லது புகையும் அடுப்பின் பக்கத்தில் வைத்தீர்களா என்று பாருங்கள்.

குரங்குக்கு மட்டும் மருந்து இல்லை. மொட்டைக் கிள்ளித் தின்னும், பிடிக்காவிட்டாலும் கிள்ளிப்போடும். மொட்டு பட்டாணி அளவு வந்ததும் தாழ்வாரத்தின் திறந்த பக்கத்தை ஒரு அங்குலக் கண்ணுள்ள கோழிவலையால் மறைத்து, செடியை வலையிலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி வையுங்கள். குரங்கின் கை உள்ளே நுழையும்.